முதலில் அந்த ரப்பர் பேண்டை வெட்டுங்கள்

கேள்வி:

ஐயா, வணக்கம். பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். அடைக்கோழி அமையாததால் இந்த முறை சின்ன இன்குபேட்டர் ஒன்று வாங்கி, பக்கத்துத் தோட்டத்தில் இருந்து பெருவிடை நாட்டுக்கோழி முட்டை 30 வாங்கி வைத்தோம். 19 பொரித்தது. அட்டைப்பெட்டியில் நியூஸ்பேப்பர் விரித்து, பல்பு போட்டு வளர்க்கிறோம். அதில் ஒரு குஞ்சுக்கு இரண்டாம் நாளில் இருந்தே இரண்டு காலும் பக்கவாட்டில் விலகிப் போகிறது. எழுந்து நிற்க முடியாமல் வயிற்றால் நகர்கிறது. தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் நாலாம் நாள் இரண்டு காலையும் ரப்பர் பேண்டு போட்டு இணைத்துவிட்டோம். இன்றைக்கு எட்டு நாள் ஆகிறது. வலது காலில் விரல்கள் உள்பக்கம் மடங்கின மாதிரியும் தெரிகிறது. இரை எடுக்கிறது. கம்பு மாவும் நொய்யும்தான் வைக்கிறோம். மருந்துக் கடையில் வைட்டமின் சொட்டு வாங்கிக் கொடுக்கிறேன். "நொண்டிக் குஞ்சு தேறாது, அதை வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதே" என்கிறார் மாமனார். நாலாவது படிக்கும் மகள் அதைக் கையை விட்டு இறக்குவதே இல்லை. கால் நேராகுமா? வலி ஊசி ஏதாவது போடலாமா? இது பரம்பரைக் கோளாறா? மற்ற குஞ்சுகளுக்கும் வருமா? போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் அந்த ரப்பர் பேண்டை வெட்டி எடுத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது காலில் ரப்பர் பேண்டு பதிந்திருக்கும் இடத்துக்குக் கீழே பாதம் உப்பியிருக்கிறது. இடது பாதம் வெளிறிய மஞ்சளாக இருக்க, வலது பாதம் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. ரப்பர் பேண்டு எப்போதும் சுருங்கவே பார்க்கும். குஞ்சின் காலோ நாளுக்கு நாள் தடிக்கும். நாலாம் நாள் தளர்வாக இருந்தது எட்டாம் நாள் இறுக்கிப் பிடிக்கும். கோழியின் செதில் காலில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் ரத்த ஓட்டம்தான் முதலில் அடைபடும். இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டால் பாதம் கறுத்துக் காய்ந்து போகும். நூல், தலைமுடி கட்டும் பேண்டு, பூக்கட்டும் நார் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

வெட்டுவதற்கு நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் போதும். மகள் குஞ்சைத் துணியோடு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும் பகுதியை முதலில் வெட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு வளையமாக எடுங்கள். தோலுக்குள் புதைந்திருந்தால் பிய்த்து இழுக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் காலை நனைத்து வைத்தால் தளர்ந்து கொடுக்கும். புண் இருந்தால் பொவிடோன் அயோடினில் தண்ணீர் கலந்து துடைத்துவிடுங்கள். மஞ்சளைக் குழைத்துப் பத்துப் போட்டால் அது காய்ந்து இறுகி இன்னொரு கட்டாகிவிடும், வேண்டாம். வீக்கத்தை உருவிவிடவும் வேண்டாம்.

சரி, இப்போது காலைப் பார்ப்போம்.

குஞ்சுக்குக் கால் சரியில்லை என்றால் யூடியூபில் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கட்டிவிடு. எந்த இடத்தில் கோணல் என்று யாரும் கேட்பதில்லை. கட்டினால் தேறும் கால் உண்டு. கட்டினால் கெடும் காலும் உண்டு. ஆகவே கட்டுவதற்கு முன்னால் இடுப்பிலா, நடு மூட்டிலா, விரலிலா என்று விரலால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கோழிக்கு முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. நாம் முழங்கால் என்று நினைக்கிற, செதில் தொடங்கும் இடத்தில் பின்பக்கமாக மடங்குகிற மூட்டு உண்மையில் கணுக்கால். அதைத்தான் நடு மூட்டு என்று சொல்கிறேன்.

குஞ்சின் முதுகு உங்கள் இடது உள்ளங்கையில் படும்படி மல்லாக்கப் பிடியுங்கள். ரொம்ப நேரம் அப்படி வைத்திருக்க வேண்டாம். வலது கை விரல்களால் இரண்டு காலையும் மெதுவாக ஒன்றுக்கொன்று இணையாகக் கொண்டு வாருங்கள். எதிர்ப்பில்லாமல் வந்து நேராக நின்றால், தொடையில் இருந்து விரல் வரை கால் ஒரே கோட்டில் இருந்தால், கோளாறு இடுப்பில். அதாவது கால் எலும்பு சரியாகத்தான் இருக்கிறது, அதை உள்ளே இழுத்துப் பிடிக்கும் தசைக்குத்தான் இன்னும் பலம் வரவில்லை. வழவழப்பான தரையில் பொரித்த குஞ்சுக்கு வருவது இதுதான், உங்கள் குஞ்சுக்கும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். படத்தில் இரண்டு கணுக்கால் மூட்டும் ஒரே அளவில் இருக்கின்றன, வீக்கம் இல்லை. ஆனாலும் படத்தை நம்பிக் கட்ட வேண்டாம், தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

அடுத்து அந்தக் கணுக்கால் மூட்டின் பின்பக்கத்தைச் சுண்டுவிரல் நுனியால் தடவுங்கள். நல்ல காலில் நட்டநடுவில் கயிறு மாதிரி ஒரு நார் ஓடுவது தெரியும். மூட்டின் பின்புறம் இருக்கும் பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கும். அந்த நார் பள்ளத்தை விட்டுப் பக்கவாட்டில் நழுவியிருந்தால் மூட்டின் பின்புறம் தட்டையாக, கொஞ்சம் வீங்கி இருக்கும். தொடை நேராக இருக்கும்போதே பாதம் மட்டும் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். இதற்குப் பெரோசிஸ் என்று பெயர். தீவனத்தில் மாங்கனீசு, கோலின், பயோட்டின் போன்றவை குறைந்தால் வரும். இதில் காலைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பயனும் இல்லை. நாரைத் திரும்பப் பள்ளத்துக்குள் தள்ள வேண்டும். காலைப் பின்னால் நேராக நீட்டினால் நார் தளரும், அந்த நேரத்தில் கட்டை விரலால் தள்ளி உட்கார வைப்பார்கள். நழுவிய அன்றோ மறுநாளோ செய்தால் நிற்க வாய்ப்பு உண்டு. நாள் கடந்தால் பள்ளமே மேடாகி, தள்ளத் தள்ள நழுவும். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. உங்கள் விரலுக்கு அப்படித் தட்டையாகப் பட்டால் இன்றே குஞ்சை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது, விரல். வலது கால் விரல்கள் மடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரத்த ஓட்டம் தடைபட்டு வீங்கிய பாதத்தில் விரல் மடங்குவது இயல்பு. அதனால் இதற்கு இன்று ஒரு பெயரும் வைக்க மாட்டேன். ரப்பர் பேண்டை எடுத்து ஒரு நாள் கழித்து மறுபடி பாருங்கள். வீக்கம் வடிந்து விரல் விரிந்துவிட்டால் விஷயம் முடிந்தது. ஒரே ஒரு விரல் மட்டும் பக்கவாட்டில் வளைந்து நின்றால் அதற்கு ஒரு செருப்பு செய்யலாம். மாத்திரை அட்டைப்பெட்டியின் தடித்த அட்டையைப் பாத அளவுக்கு வெட்டி, விரல்களை விரித்து அதன் மேல் வைத்து, காகித பிளாஸ்திரியால் ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் விரல் படிந்துவிடும், எட்டு நாள் எலும்பு அவ்வளவு இளசு. ஆனால் இரண்டு பாதமும் மூடிய கைபோல உள்ளே சுருண்டு, குஞ்சு கணுக்காலிலேயே உட்கார்ந்து நகர்ந்தால் அது வேறு. வைட்டமின் பி2, அதாவது ரிபோஃபிளேவின் குறைந்து கால் நரம்பு பாதிக்கப்படுவதன் அடையாளம் அது. அதைப் பற்றித் தீவனத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

இடுப்பில்தான் கோளாறு என்று உறுதியானால், ஒரு நாள் கழித்து, பாதத்தின் வீக்கம் வடிந்த பிறகு கட்டலாம். தாமதம் ஆகிறதே என்று பதற வேண்டாம். வீங்கிய காலில் கட்டுவதைவிட ஒரு நாள் போவது மேல். மூன்று நாலு நாள் குஞ்சாக இருந்தால் சீக்கிரம் தேறும் என்று தைரியமாகச் சொல்லியிருப்பேன். எட்டு நாளில் நம்பிக்கையோடு முயலலாம், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது. இரண்டு வாரம் தாண்டினால் எலும்பே அந்தக் கோணத்துக்கு வளர்ந்துவிடும்.

கட்டுவதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் காகித பிளாஸ்திரியோ துணி பேண்ட் எய்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளமாக வெட்டுங்கள். செதில் உள்ள காலில், கணுக்கால் மூட்டுக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு சுற்று. அங்கிருந்து அடுத்த காலுக்குப் போய் அங்கே ஒரு சுற்று. நடுவில் பாலம் மாதிரி வரும் பகுதியில் பசைப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்படி அமுக்கிவிடுங்கள், இல்லையென்றால் வயிற்றுப் பூமுடி அதில் ஒட்டிக்கொள்ளும். மூட்டின் மேல் மட்டும் சுற்றவே கூடாது. சுற்றுக்கும் தோலுக்கும் இடையில் ஒரு குண்டூசி தாராளமாக நுழைய வேண்டும்.

இரண்டு காலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். காலை ஒட்ட வைத்துக் கட்டினால் குஞ்சு நிற்க முடியாமல் குப்புற விழும். அளவு எடுக்க ஸ்கேல் வேண்டாம். அதே பெட்டியில் நிற்கும் நல்ல குஞ்சு ஒன்றை முன்பக்கம் இருந்து பாருங்கள், அது எவ்வளவு அகட்டி நிற்கிறதோ அதுதான் கணக்கு. உங்கள் குஞ்சின் கால் அந்த அளவுக்கு எளிதாக வராமல் முரண்டு பிடித்தால், முதல் நாள் கொஞ்சம் அகலமாகக் கட்டி அடுத்தடுத்த நாள் குறைத்துக்கொண்டு வரலாம்.

கட்டிய முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். குஞ்சு திகைத்துப்போய் உருளும், முகம் குப்புற விழும், மல்லாந்து காலை உதைக்கும். மல்லாந்தபடியே விட்டுவிடக் கூடாது. உங்கள் மகளுக்கு இதில் நல்ல வேலை இருக்கிறது. அதைக் கையில் ஏந்தியே வைத்திருந்தால் கால் தேறாது, தரையில் கால் ஊன்ற வேண்டும். இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அணைத்து, பாதம் தரையில் சமமாகப் படும்படி ஐந்து நிமிடம் நிற்க வைக்கட்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. முன்னால் நாலு கம்பு மணியைப் போட்டால் கொத்துவதற்காகத் தானே எம்பும், அந்த எம்பல்தான் வைத்தியம்.

காலையும் மாலையும் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கிறதா, நிறம் மாறுகிறதா, கட்டுக்குக் கீழே உப்புகிறதா? சந்தேகம் வந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். சந்தேகம் வராவிட்டாலும் ஒன்றரை இரண்டு நாளுக்கு ஒரு முறை அவிழ்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும், கால் தடித்துக்கொண்டே போகிறது அல்லவா? பசையின் மேல் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு ஊறினால் தோல் உரியாமல் வந்துவிடும். மறுபடி ஒட்டும் முன் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும் கட்டு இல்லாமல் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். தானே நின்று நாலு அடி வைத்தால் கட்டு தேவையில்லை. ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தும் துளி முன்னேற்றம் இல்லை என்றால் கட்டுவதை நிறுத்திவிடலாம்.

இதையெல்லாம் செய்துவிட்டு மறுபடி நியூஸ்பேப்பர் மேல் விட்டால் அத்தனையும் வீண். குஞ்சின் நகம் பிடிக்க ஏதாவது வேண்டும். காகிதத்தில், அதிலும் எச்சத்தில் நனைந்த காகிதத்தில், பிடிப்பே இல்லை. ஒவ்வொரு முறை எழும்போதும் கால் வழுக்கி விரிகிறது, நாலு நாளில் அதுவே பழக்கமாகிறது. அடைக்கோழியின் கீழ் வைக்கோலில் பொரித்த குஞ்சுகளில் இந்தக் கோளாறு அபூர்வம். சுத்தமான சணல் சாக்கை இழுத்து, சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். ஓரத்துப் பிரிகளை வெட்டிவிடுங்கள், குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். மற்ற 18 குஞ்சுகளும் இதற்குள் இரை எது என்று தெரிந்துகொண்டிருக்கும், அவற்றுக்கு நெல் உமி இரண்டு அங்குலம் போட்டுவிடலாம்.

கட்டுப் போட்ட குஞ்சை மற்றவற்றோடு விட வேண்டாம். மிதித்துக்கொண்டு ஓடும், வெள்ளையாகக் காலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியை எல்லாம் சேர்ந்து கொத்தும். தனியாக அடைத்தாலும் கத்திக் கத்தியே ஓய்ந்துபோகும். அதே பெட்டியில் வலை வைத்துத் தடுத்து, சாதுவான குஞ்சு ஒன்றைத் துணைக்கு விடுங்கள். பல்பு வெளிச்சம் இரண்டு பக்கமும் போகட்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அடுத்த வாரம் 32 என்று வாரத்துக்கு மூன்று டிகிரி குறைப்பது பொதுக் கணக்கு. ஆனால் நடக்க முடியாத குஞ்சு சூடு அதிகமானால் விலகிப் போகாது, குறைந்தால் நெருங்கி வராது. அது வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் பல்பை உயர்த்துங்கள், ஒடுங்கிக் கத்தினால் இறக்குங்கள்.

தண்ணீரை ஆழமில்லாத மூடியில் வைத்து உள்ளே கூழாங்கல் போடுங்கள். கால் கட்டிய குஞ்சு அரை அங்குலத் தண்ணீரில்கூட மூக்கு முங்கிச் செத்துப்போகும். இரவு அடைக்கும் முன் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். உருண்டு நிறைந்திருந்தால் சரி, காலியாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுங்கள். உட்கார்ந்தே இருப்பதால் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். காலையில் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

தீவனத்துக்கு வருகிறேன். கம்பும் நொய்யும் வயிற்றை நிறைக்கும், கால் எலும்பை வளர்க்காது. பெருவிடை வேறு, காலும் எலும்பும் நீண்டு வளரும் இனம். முதல் இரண்டு மாதம் எல்லாக் குஞ்சுக்கும் குஞ்சுத் தீவனம், அதாவது ஸ்டார்ட்டர், வாங்கிப் போடுங்கள். புரதம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடையில் அவசரத்துக்கு முட்டைக்கோழித் தீவனத்தைத் தள்ளிவிடுவார்கள், வாங்காதீர்கள். குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து ஒரு சதவீதம் அளவில் போதும். முட்டைக்கோழித் தீவனத்தில் மூன்றரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். காலுக்கு நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் குஞ்சின் சிறுநீரகம் அதைத் தாங்காது.

வீட்டுப் பொருள்களில் அவித்த முட்டையை உதிர்த்து வைக்கலாம், முருங்கைக் கீரையைப் பொடியாக அரிந்து தரலாம், அரிசித் தவிடு ஒரு கை கலக்கலாம். தவிட்டில் மாங்கனீசு நன்றாக இருக்கிறது, மக்காச்சோளத்தில் அது மிகக் குறைவு. கருவாட்டுத் தூள் வேண்டாம், உப்பு ஆகாது. கரையான் பிடிக்கத் தெரிந்தால் அதைவிட நல்ல இரை இல்லை. உங்கள் மாமனாருக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் குஞ்சுகளுக்குத் தட்டிவிடலாம்.

நீங்கள் வாங்கிய வைட்டமின் சொட்டின் லேபிளைப் படியுங்கள். ஏ, டி3, ஈ, பி12 என்று மட்டும் இருந்தால் அதில் பி2 கிடையாது. கோழிக்குஞ்சுக்குக் கால் சரியில்லை என்றதும் கடைக்காரர்கள் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். கெடுதல் இல்லை, ஆனால் சுருண்ட விரலுக்கு இது மருந்து அல்ல. அதோடு ஏ-யும் டி-யும் உடம்பில் தங்குகிறவை. ஐந்து நாளைக்கு மேல் கொடுக்க வேண்டாம். மனிதர்கள் சாப்பிடும் சாதாரண பி காம்ப்ளக்ஸ் மாத்திரையைப் பொடித்து, ஒரு நாளைக்குக் கால் பங்கு வீதம், அவித்த மஞ்சள் கருவில் பிசைந்து ஒரு வாரம் கொடுங்கள். இரும்புச் சத்து சேர்ந்ததாக இருக்கக் கூடாது. பி2 மிஞ்சினால் எச்சத்தோடு வெளியே போய்விடும். தண்ணீரில் கலந்து வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள், வெளிச்சத்தில் பி2 அழிந்துவிடும். விரல் சுருளல் பி2 குறைவால் வந்திருந்தால் சில நாளிலேயே மாற்றம் தெரியும்.

வலி ஊசி வேண்டாம். இடுப்பு விலகிய கால் வலியால் விலகவில்லை. முக்கியமாக, வீட்டில் இருக்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையில் ஒரு துண்டு கிள்ளிப் போடும் வேலை கூடவே கூடாது. பறவைகளின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததற்கு அந்த மருந்து ஏறிய மாட்டின் இறைச்சிதான் காரணம் என்று தெரிந்து, 2006-ல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதையே இந்தியாவில் தடை செய்தார்கள். ஆன்டிபயாடிக்கும் இப்போது வேண்டாம். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால்தான் கிருமி பற்றி யோசிக்க வேண்டும், அதையும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

பரம்பரையா என்று கேட்டிருந்தீர்கள். சில கால் கோளாறுகள் பரம்பரையாக வருவதுண்டு. ஆனால் 19-ல் ஒன்று, அதுவும் புது இன்குபேட்டர், நியூஸ்பேப்பர் தரை என்றால் நான் முதலில் இன்குபேட்டரையும் தரையையும்தான் சந்தேகப்படுவேன். எத்தனையாவது நாள் பொரித்தது என்று நீங்கள் எழுதவில்லை. கோழி முட்டைக்கு 21 நாள். பெரும்பாலான குஞ்சுகள் 20-க்கு முன்பே வந்திருந்தால் சூடு கூடியிருக்கிறது, 22, 23 என்று இழுத்திருந்தால் குறைந்திருக்கிறது. விசிறி உள்ள இன்குபேட்டருக்கு 37.5 டிகிரி செல்சியஸ். இன்குபேட்டர் திரையில் காட்டும் அளவை அப்படியே நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானியை முட்டை மட்டத்தில் வைத்துச் சரிபாருங்கள். ஈரப்பதம் 18 நாள் வரை 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65-க்கு மேல். 18-ம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தும்போது, வழவழப்பான தட்டின் மேல் ஒரு சொரசொரப்பான துணியையோ ரப்பர் வலையையோ விரித்துவிடுங்கள். குஞ்சு முதன்முதலில் கால் ஊன்றும் இடம் அது.

முட்டை கொடுத்த தோட்டத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்கள் வீட்டு அடையிலும் இப்படிக் குஞ்சு வருகிறதா என்று. வந்தால் தாய்க்கோழிகளின் தீவனத்தில் குறை இருக்கலாம், அல்லது ஒரே சேவலின் வம்சத்துக்குள் மீண்டும் மீண்டும் சேர்க்கை நடந்திருக்கலாம். எதுவானாலும் இந்தக் குஞ்சு தேறி வளர்ந்தால் அதில் இருந்து முட்டை எடுத்து அடை வைக்க வேண்டாம்.

மற்றவற்றுக்குத் தொற்றுமா என்றால், பொரித்த மறுநாளே விரிந்த கால் தொற்றாது. ஆனால் அடுத்த நாட்களில் நன்றாக ஓடிய குஞ்சுகள் ஒன்றிரண்டாக உட்கார ஆரம்பித்தால், தலையும் கழுத்தும் நடுங்கினால், கழுத்து முறுக்கிக்கொண்டு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், அது கால் கோளாறே அல்ல. ஒன்றரை மாதத்துக்கு மேல் வளர்ந்த கோழி ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்தாலும் அப்படித்தான், மேரக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த நேரத்தில் கட்டுப் போட்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாமனார் சொன்னதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திறந்த தோட்டத்தில், தாய்க்கோழியின் பின்னால் ஓட முடியாத குஞ்சு காக்காய்க்கோ பருந்துக்கோ கீரிக்கோ போய்விடும். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது அதைத்தான், அவர் கணக்கு அங்கே சரியானது. உங்கள் பெட்டிக்குள் பருந்து வராது என்பதால் இந்தக் குஞ்சுக்கு இரண்டு வாரம் அவகாசம் இருக்கிறது. அந்த இரண்டு வாரத்தைக் கேளுங்கள், கொடுப்பார்.

அதற்குப் பிறகும் கொஞ்சம் நொண்டினால்? நொண்டலாம், அது பரவாயில்லை. பெட்டையாக இருந்தால் இலேசான நொண்டலோடு வளர்ந்து முட்டையும் இடும், சேவல் ஏறி மிதிக்காமல் மட்டும் தனியே வைக்க வேண்டும். சேவலாக இருந்தால் கடினம். பெருவிடைச் சேவல் மூன்று நாலு கிலோவுக்கு வளரும், அந்தக் கனத்தை விலகின கால் தாங்காது. நெஞ்செலும்பிலும் கணுக்காலிலும் புண் வரும். இரை எடுப்பதை நிறுத்திவிட்டால், எடை குறைந்துகொண்டே போனால், பாதம் கறுத்துக் குளிர்ந்துவிட்டால், அல்லது இரண்டு வாரம் முடிந்தும் பக்கவாட்டில் படுத்தே கிடந்தால், முடித்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் உதவி. நாய்க்கோ பருந்துக்கோ போடாமல் மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள், அதிகம் துன்பப்படாமல் முடித்துக் கொடுப்பார்கள். மகளிடம் இப்போதே இரண்டில் எதுவும் நடக்கலாம் என்று சொல்லி வையுங்கள். பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் குஞ்சைக் காணாமல் செய்துவிட்டு, பறந்து போய்விட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலாவது படிக்கும் பிள்ளைக்கு அது புரியும்.

நீங்கள் கேட்காத ஒன்று. குஞ்சுகளுக்கு எட்டு நாள் என்கிறீர்கள், தடுப்பு மருந்து பற்றி ஒன்றும் எழுதவில்லை. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கான லசோட்டா அல்லது எஃப்1 சொட்டு மருந்து ஏழாம் நாளையொட்டிப் போட வேண்டியது. இன்னும் காலம் போய்விடவில்லை, இந்த வாரமே போட்டுவிடுங்கள். ஒரு குஞ்சுக்கு கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. கட்டுப் போட்ட குஞ்சு சுறுசுறுப்பாக இரை எடுத்துக்கொண்டு இருந்தால் அதற்கும் உண்டு. மூன்று நாலு வாரத்தில் இன்னொரு முறை லசோட்டா, எட்டாவது வாரம் அதே நோய்க்கான ஆர்2பி தடுப்பூசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை முகாம் போட்டு இலவசமாகப் போடுகிறார்கள், ஆனால் உங்கள் குஞ்சுகள் அதுவரை காத்திருக்க முடியாது. ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு வரும், கலக்கிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். அதனால் மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் குஞ்சு வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். மருந்தை வாங்கி வருவதாக இருந்தால் பிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள், சாயங்கால நேரத்தில் போடுங்கள்.